எழுதி வையுங்கள் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் கணினிப் பாதுகாப்புக்கான குறிப்புகள் சில வந்திருந்தன. அவற்றில் ஒன்று, 'கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் தாளில் எழுதி வைக்காதீர்கள்' என்பது. காலையில் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மத்தியானம் மறுபடி எடுத்து அந்த வரியை மட்டும் படித்தேன். முப்பது வருடம் இந்த வரியை வேதம்போலக் கடைப்பிடித்தவர் என் வீட்டுக்காரர். அதனால் எங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோட்டையூரில் கல்யாணப் பலகாரம் செய்து கொடுப்பவள். மனகோலம், தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம், சீப்புச்சீடை, மாவுருண்டை. வீட்டின் இரண்டாம் கட்டில் ஆறு அடுப்பு ஓடும். தை, வைகாசி, ஆவணி என்றால் ஒன்பது பெண்கள் வேலைக்கு வருவார்கள். என் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து 2012-இல் ஓய்வு பெற்றவர். அடுப்பு என் பொறுப்பு, கணக்கு அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். 2013 தையிலிருந்து எல்லாக் கணக்கும் அவருடைய லேப்டாப்பில்தான்.

கணக்கு என்றால் வரவு செலவு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வீட்டுக் கல்யாணம், எத்தனை படி, அரிசி புதுசா பழசா, வெல்லம் எந்த ஊரிலிருந்து வந்தது, எண்ணெய் எத்தனை டின், பலகாரம் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் ஒரு வரி போட்டு வைப்பார். 'புது அரிசி, பாசிப்பருப்பு கால் படி கூட்டியது சரியாக வந்தது.' 'பாகு முற்றிவிட்டது, மனகோலம் கெட்டி, பெண் வீட்டில் குறை சொன்னார்கள்.' நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே சொல்வேன், அவர் தட்டச்சு செய்வார். இப்படிப் பதினோரு வருடம், ஏறத்தாழ நானூறு கல்யாணம். அது போக, எங்கள் வீட்டுப் பெரியவர் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டு வந்த பேரேடுகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து அதிலேயே போட்டிருந்தார். 1942-இல் யுத்தத்தின்போது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வந்த மனிதர், பேரேட்டை மட்டும் விடவில்லை.

2019-இல் லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது வகை டிஸ்க் ஒன்றைப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு. லேப்டாப்பையும் தூக்கிப் போய்விட்டார்கள். 'நம்மிடம் எத்தனை வீட்டு முகவரி இருக்கிறது, எத்தனை பேருடைய வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, அது நம்மை நம்பிக் கொடுத்தது' என்று சொல்லி டிஸ்குக்கே ஒரு பாஸ்வேர்டு போட்டார். விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, கறுப்புத் திரையில் கேட்கிற பாஸ்வேர்டு அது. அவர் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பிறத்தியார் விவரத்தைப் பூட்டி வைப்பது நாணயம். ஆனால் அந்தச் சொல்லை அவர் எங்கும் எழுதவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2024 ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. நான்கு மாதத்தில் பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது, ஆண்டவன் அருள். பேரப்பிள்ளைகள் பெயர் வந்தது, பழைய மேலாளர்களின் பெயர்கூட வந்தது. அந்தப் பாஸ்வேர்டு வரவில்லை. 'பத்து எழுத்து, நடுவில் எண் வரும்' என்பது வரைக்கும் சொல்கிறார். அதற்குமேல் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். விரலுக்காவது ஞாபகம் இருக்கும் என்று முகப்பில் நாற்காலி போட்டு லேப்டாப்பை முன்னால் வைத்தேன். தட்டிப் பழகியது வலது கை. அது எழும்பவில்லை. அன்றைக்கு அவர் அழுதார். அதற்கப்புறம் நான் அவரை வற்புறுத்தவில்லை.

பூட்டு என்றால் திறக்க ஒரு ஆள் இருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் மாமியார் பெட்டகத்துச் சாவியைத் தொலைத்தபோது காரைக்குடியிலிருந்து ஒரு ஆசாரி வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து, கதவில் ஒரு கீறல் விழாமல் திறந்து கொடுத்தார். அதைப் போல இதற்கும் ஒருவர் இருப்பார் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

முதல் கடையில் ஒரு பையன் லேப்டாப்பைத் திறந்து, உள்ளே காசு மாதிரி இருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி, அரை மணி நேரம் வைத்திருந்து திரும்பப் போட்டான். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டான். திரும்பவும் அதே கறுப்புத் திரை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த பேட்டரியைக் கழற்றினால் கணினியின் தேதி, நேரம், சில அமைப்புகள் அழியும். டிஸ்கின் பாஸ்வேர்டு லேப்டாப்பில் இல்லை, டிஸ்குக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது கடையில் டிஸ்கைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வேறு கணினியில் மாட்டினார்கள். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் போட்டிருந்தால் இந்த வழியில் கோப்புகள் தெரிந்திருக்குமாம். எங்களுடையது, டிஸ்க் ஒன்று இருக்கிறது என்று மட்டும் காட்டியது. உள்ளே ஒன்றையும் படிக்க விடவில்லை. 'ஃபார்மேட் போட்டுத் தருகிறேன் ஆச்சி' என்றார் கடைக்காரர். ஃபார்மேட் போட்டால் எனக்கு வெறும் டிஸ்க்தானே மிஞ்சும்? நல்ல வேளையாக அதற்கும் அது விடவில்லை. பூட்டிய டிஸ்க் படிக்கவும் விடாது, எழுதவும் விடாது.

கணினியில் பூட்டு மூன்று வகை என்று இத்தனை அலைச்சலுக்குப் பிறகுதான் புரிந்தது. விண்டோஸுக்குள் நுழையக் கேட்பது ஒன்று. லேப்டாப்பின் உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் போர்டில் இருப்பது ஒன்று. டிஸ்கிலேயே இருப்பது ஒன்று. கடைக்குப் போகும் பாதிப் பேருக்கு, ஏன், கடையில் இருக்கும் சிலருக்கே, தங்கள் முன்னால் இருப்பது எது என்று தெரிவதில்லை. தெரியாமல் கை வைத்தால் காசும் போகிறது, சில சமயம் உள்ளதும் போகிறது.

கடைசியில் கொழுந்தன் மகன் சென்னையில் டிஸ்க் மீட்பு வேலை செய்யும் ஒருவரிடம் அழைத்துப் போனான். அவர் ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு என்னை எதிரே உட்காரவைத்துப் பேசினார். பழைய வகை ஹார்டு டிஸ்குகள் பலவற்றில் பாஸ்வேர்டு என்பது வாசல் கதவு மாதிரியாம். உள்ளே சாமான் அப்படியே இருக்கும். தகுந்த கருவி இருந்தால் சில மாடல்களில் கதவைத் தாண்டிவிடலாம். எங்கள் எஸ்.எஸ்.டி. அப்படியில்லை. அது எழுதும்போதே ஒவ்வொரு எழுத்தையும் ஒரு ரகசிய எண்ணால் குழப்பித்தான் எழுதும். அந்த எண்ணையும் பாஸ்வேர்டு போட்டுத்தான் பூட்டி வைத்திருக்கும். அந்த ரகசிய எண்ணை ஊகிக்கலாமே என்றால், எத்தனை எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதையே எழுதினால் 78 இலக்கம் வருமாம். பத்து எழுத்துதானே, பாஸ்வேர்டையே கணினியை வைத்து வேகமாக ஊகிக்க முடியாதா என்று கேட்டேன். ஐந்து முறை தவறினால் டிஸ்க் பதில் சொல்வதை நிறுத்திவிடும். மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்தால்தான் அடுத்த ஐந்து. அதனால் நொடிக்கு லட்சம் சொல் போட்டுப் பார்க்கும் வேலையெல்லாம் இதில் நடக்காது என்றார்.

கொழுந்தன் மகன் விடவில்லை. நெதர்லாந்தில் ராட்பவுட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் சில எஸ்.எஸ்.டி.களை ஆராய்ந்து, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக வழி இருப்பதைக் கண்டுபிடித்ததாக எங்கோ படித்து வந்து கேட்டான். எனக்கு நெஞ்சு படபடத்தது. உண்மைதான் என்றார் அவர். ரகசிய எண்ணைப் பாஸ்வேர்டோடு சரியாகப் பிணைக்காமல் செய்திருந்த சில மாடல்களில் அது நடந்தது, உங்களுடையது அந்த வகையில் இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. 'முடியும் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் ஆச்சி, டிஸ்கைப் பத்திரமாக வைத்திருங்கள், ஐயாவுக்கு என்றைக்காவது ஞாபகம் வரலாம்' என்றார். அந்த மனிதருக்கு எந்நாளும் நன்றி சொல்வேன்.

அவர் சொன்ன மாதிரியே, எங்கள் கதையை எங்கோ கேள்விப்பட்டு ஒருவன் போன் செய்தான். எப்படிப்பட்ட டிஸ்க்கையும் திறப்பேன், முதலில் 8,000 அனுப்புங்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் சொல்லுங்கள் என்றான். டிஸ்கைத் திறக்க என் வங்கியின் ஓ.டி.பி. எதற்கு? வைத்துவிட்டேன். ஏமாந்துபோனவர்கள் இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். நேரம் கடந்தால் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

சரி, கணக்கு போனது போனதுதான். அடுத்த தைக்கு ஆர்டர் எடுத்தாக வேண்டுமே. கையளவு எனக்குத் தெரியும். ஆனால் முந்நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் கையளவு போதாது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. நம் பக்கத்தில் கல்யாணம் முடித்த எந்த வீட்டிலும் செலவு நோட்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். ஒவ்வொரு வீடாகப் போன் செய்தேன், பக்கத்து ஊர்களுக்கு நேரிலும் போனேன். தேவகோட்டையில் ஓர் ஆச்சி, 2015-இல் நான் பென்சிலால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைச் செலவு நோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் நோட்டின் மூலையைக் கறையான் தின்றிருந்தது. படிக்கணக்கு மட்டும் பிழைத்திருந்தது. கானாடுகாத்தானில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தபடியே, பூட்டிக் கிடந்த வீட்டைக் காவல்காரரை விட்டுத் திறக்கச் சொல்லி, நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார். 61 வீட்டுக் கணக்கு இப்படித் திரும்ப வந்தது. யாருக்கும் கடவுச்சொல் தேவைப்படவில்லை. நோட்டைப் பிரித்தார்கள், படித்தார்கள், சொன்னார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்க நூலும் இதழும் துண்டறிக்கையுமாகச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அந்தத் தாள்களை எடுத்துப் பிரிக்க அவரைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. எங்கள் டிஸ்க்கில் ஒரு கறையான் ஏறாது, ஈரம் படாது, தூசி படாது. எல்லாம் அப்படியே இருக்கிறது. படிக்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட உங்களுக்கு இத்தனை எழுதியிருக்க மாட்டேன். 2025 தையில் மகன் பணம் அனுப்பி, புது லேப்டாப் ஒன்று வாங்கினோம். கடையிலேயே எல்லாம் போட்டுத் தந்துவிட்டார்கள். இனிமேல் பாஸ்வேர்டே வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன், நாலு இலக்க ரகசிய எண் (PIN) மட்டும் வைத்தார்கள். மீட்டு வந்த 61 கணக்கையும் மருமகள் அதில் ஏற்றினாள். நோட்டிலும் நான் எழுதிக்கொண்டே வந்தேன், ஆனால் பாதிதான் எழுதி முடித்திருந்தேன். வைகாசியில் லேப்டாப் உயிர் விட்டது. வாரண்டி இருந்ததால் உள்ளே இருந்த போர்டை மாற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் நீலத் திரை. 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்று கேட்கிறது. எனக்கு அப்படியே கால் தளர்ந்துவிட்டது. பாஸ்வேர்டே போடாத கணினி எப்படிப் பூட்டிக்கொண்டது?

மகனிடம் கேட்டபோது விளக்கினான். பிட்லாக்கர் என்ற பூட்டு விண்டோஸில் 2007-லிருந்தே இருக்கிறதாம். முன்பெல்லாம் வேண்டியவர்கள்தான் போட்டுக்கொள்வார்கள். 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, வீட்டு உபயோக வகையில்கூட, புதிதாக அமைத்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. தினசரி திறக்கிற சாவி போர்டில் இருக்கும் ஒரு சிப்பில் இருக்கும். அந்தச் சிப் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி, நம்மைத் தெரியும் என்பதால் கேட்காமலே விட்டுவிடும். போர்டு மாறியதும் காவல்காரர் மாறிவிட்டார். புதியவருக்கு நம்மைத் தெரியாது. அதனால்தான் அந்த 48 இலக்கத்தைக் கேட்கிறது. அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து அமைத்தார்களோ அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், நீலத் திரையில் தெரியும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்தை அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கலாம் என்றான்.

எந்தக் கணக்கு? மகனுடைய கணக்கில் இல்லை. மருமகளுடையதிலும் இல்லை. எனக்குக் கணக்கே கிடையாது. தொலைந்த எண்ணை மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திரும்ப உண்டாக்கித் தர முடியாது. கடைக்குப் போய்க் கேட்டால், அமைத்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டானாம். இரண்டு நாள் அலைந்து அவன் எண்ணை வாங்கிப் பேசினேன். நல்ல பையன், மறைக்காமல் சொன்னான். 'உங்க பேர்ல நான்தான் ஒரு மெயில் ஐடி போட்டேன் ஆச்சி. எல்லா கஸ்டமருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் போடுவோம், சுலபமா இருக்கும்னு.' அவனே போனில் சொல்லச் சொல்ல மருமகள் உள்ளே போனாள். எண் இருந்தது. கணினி திறந்தது.

ஐயா ஆசிரியரே, இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். என் வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. அப்படி ஒரு சாவி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் முகம்கூடச் சரியாக நினைவில்லாத ஒரு பையனிடம் அது ஐந்து மாதம் இருந்திருக்கிறது. அந்தக் கடையில் வாங்கிய எத்தனை வீட்டாருடைய சாவி அந்த ஒரே பாஸ்வேர்டுக்குப் பின்னால் கிடக்கிறதோ! 'எழுதி வைக்காதே' என்று நம்மிடம் சொல்லிவிட்டு, நம் சாவியை இப்படி ஊராரிடம் விட்டு வைப்பதுதான் பாதுகாப்பா?

அன்றைக்கு இரவே அந்த 48 இலக்கத்தையும் நான் கைப்பட எழுதினேன். ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தொகுதி. ஓர் எண் தப்பினாலும் பயனில்லை என்பதால் பயமாக இருந்தது. அப்போது மகன் ஒரு வழி சொன்னான். அந்த ஆறு இலக்கத் தொகுதி ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடுமாம், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்களாம். பென்சிலை எடுத்து எட்டையும் வகுத்தேன். ஆறாவது தொகுதியில் மீதி வந்தது. பார்த்தால், ஒன்று என்று இருந்ததை ஏழு என்று எழுதியிருந்தேன். திருத்தி மறுபடி வகுத்தேன், மீதியில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு ஒவ்வொரு வகுத்தலையும் அவரும் கூடவே சொன்னார். எண்ணெல்லாம் அவருக்குத் திரும்ப வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதைச் செய்ததும், கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினோம், கணக்கை மீட்கும் கைபேசி எண்ணாக அந்தப் பையனுடையது இருந்ததையும் எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டோம்.

எழுதி வைத்தால் திருடன் எடுத்துவிடுவானே என்று குறிப்பு எழுதியவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லேப்டாப்பின் மேலேயே ஒட்டி வைத்தாலோ, அதன் பையிலேயே வைத்தாலோ எடுப்பான். ஆனால் நம் வீட்டில் பெட்டகம் என்று ஒன்று இருக்கிறதே. நகையும் பத்திரமும், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தமும் அதில்தானே இருக்கின்றன? ஒரு துண்டுத் தாளுக்கு அதில் இடம் இல்லையா? உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து திருடுகிறவனுக்குக் கோட்டையூர் வீட்டுப் பெட்டகத்தில் கை எட்டாது. இது என் ஊகம் மட்டும் இல்லை. ப்ரூஸ் ஷ்னையர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு வல்லுநர் 2005-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். சின்னத் தாள்களைக் காப்பாற்ற மனிதர்களுக்கு நன்றாகத் தெரியும், பணத்தோடு பணமாகப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய யோசனை.

தாள் ஒன்றே ஒன்றாக இருந்தால் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பொறியாளர் 7,002 பிட்காயினுக்கான சாவியை ஒரு பூட்டிய டிரைவில் வைத்திருந்தார். பத்து முறை தவறினால் அந்த டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அவரும் பாஸ்வேர்டைத் தாளில்தான் எழுதியிருந்தார், தாளைத் தொலைத்துவிட்டார். எட்டு முறை முயன்று தோற்று, இன்னும் இரண்டே வாய்ப்புடன் இருக்கிறார் என்று 2021-இல் செய்தி வந்தது. ஆகவே நான் இரண்டு தாள் எழுதியிருக்கிறேன். ஒன்று எங்கள் பெட்டகத்தில். இன்னொன்று உறையில் ஒட்டி, கொழுந்தன் வீட்டுப் பெட்டகத்தில். உறையின் மேல் எந்த லேப்டாப், எந்த மாதம் எழுதியது என்று மட்டும் இருக்கிறது. எங்கள் கோயில் பெட்டகத்தின் சாவிகூட ஒருவரிடம் மட்டும் இருக்காது, இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நம் பெரியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு அது. கணினி வந்ததும் நாம் அதை மறந்துவிட்டோம்.

ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறேன். மனைவியிடம்கூடச் சொல்லாத பாஸ்வேர்டு எத்தனை வீட்டில் இருக்கிறது? பக்கவாதம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நம் பக்கத்து வீடுகளில் இப்போது பெரும்பாலும் இரண்டு பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறோம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலையில் மட்டும் எல்லாம் இருப்பது ஆபத்து. அதை எழுதி வைப்பது அவரை நம்பாமல் செய்கிற காரியம் ஆகாது.

கணினிக் கடைக்காரர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். விற்கும்போதே 'இது தானாகப் பூட்டிக்கொள்ளும், மீட்பு எண் இதோ' என்று பில்லோடு அச்சடித்துக் கொடுங்கள். எந்த மெயில் ஐடியில் அமைத்தீர்கள் என்பதைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். வாங்க வந்தவர் முன்னாலேயே, அவர் கையாலேயே பாஸ்வேர்டைப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு அவசரப்படாமல் சொல்லிக் கொடுத்தால் புரியும். ஏற்கெனவே வாங்கியவர்கள் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண் தங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்த பிறகு தேடுவது என்ன பாடு என்று நான் பட்டுவிட்டேன்.

தங்களிடம் நான் கேட்பது, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'எழுதி, கணினியிலிருந்து தள்ளி, பத்திரமான இரண்டு இடத்தில் வையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்' என்று மாற்றிப் போட வேண்டும் என்பதுதான். தங்கள் நாளிதழில் வந்தால் எங்கள் ஊரில் நம்புவார்கள். நான் சொன்னால் பலகாரக்கார ஆச்சிக்கு என்ன தெரியும் என்று போய்விடுவார்கள்.

பழைய எஸ்.எஸ்.டி.யை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில்தான் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை எடுத்துப் பழைய லேப்டாப்பில் மாட்டுகிறோம். அவராகத் தோன்றிச் சொல்கிற சொல்லை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். போட்ட சொல்லையே திரும்பப் போடாமல் இருக்க ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வருகிறேன். நேற்று அவர் ஒன்று சொன்னார், அவருடைய ஆத்தா பெயரும் ஒரு வருடமும். இல்லை. அது 213-ஆவது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த டிஸ்கில் வாடிக்கையாளர் வீடுகளின் விவரம் இருக்கிறது. தெரிந்தால் அவர்களுக்கு வீண் கவலை வரும்.

இப்படிக்கு,
பலகாரம் செய்யும் வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.